கடற்காற்றும் சில்லின் கால்களும்

புத்தளத்து உப்பளங்களிற் பாத்தி கட்டி உழைப்போர் கடல்நீரின் இயல்பை நூல் பாராமலே அறிந்தவராவர். வெயிலிற் சுண்டும் நீரிலிருந்து முதலில் வெளிப்படுவது உப்பன்று. உப்புக்கு முன்னரே உறைகளிமண் எனப்படும் கல்சியம் சல்பேற்று வெளிப்படும். அது படிந்தபின், போமே மானியில் 25 பாகையளவில், சோறுண்ணும் உப்பு படியத் தொடங்கும். 30 பாகையை அணுகும்போது எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடுதல் வேண்டும். அதனை வடியாது விட்டு வாரிய உப்பு, எத்துணை வெயிலிற் காய்ந்தாலும், குவியலின் அடியில் என்றும் கசிந்துகொண்டேயிருக்கும். கசப்பு நீரிலுள்ள மகனீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக் குடிக்கும் தன்மையுடையதாதலின் இவ்வாறு நிகழ்கின்றது.

உப்பளத்தார் கைகண்ட இவ்வுண்மை, உப்பளத்துக்குச் சிறிதும் தொடர்பில்லாததுபோலத் தோன்றும் வேறொரு தொழிலுக்கும் திறவுகோலாகும். மின்சுற்றுப் பலகை பழுதுபார்க்கும் தொழிலே அது. நேற்றுவரை இயங்கிய பலகை இன்று உயிரற்றுக் கிடக்கும். திருத்துவோர் அதிலுள்ள சில்லொன்றை மெல்ல நெம்பிக் கழற்றி, மீண்டும் அதே இடத்தில் அழுத்திப் பொருத்துவார். வேறெதுவும் செய்யார், பலகை எழுந்து இயங்கும். பார்த்திருப்போர்க்கு இது மாயவித்தைபோலத் தோன்றும். சிலர் சில்லு களைத்திருந்தது என்பர். சிலர் தற்செயல் என்பர். வேறு சிலரோ இச்சிறு வேலையைச் செய்து பாராமலே பலகை முழுவதையும் எறிந்துவிட்டுப் புதியதற்குப் பணம் தேடுவர். இறக்குமதிக் கட்டுப்பாடும் அந்நியச் செலாவணி வறட்சியும் 2022ஆம் ஆண்டில் இலங்கையை வாட்டியபோது, அவ்வாறு எறிந்தவற்றின் பெறுமதி பலர்க்கும் விளங்கியிருக்கும். கழற்றி மாட்டுதல் ஏன் பழுதை நீக்குகின்றது, எப்பொழுது நீக்காது என்பன ஆராயற்பாலன.

சில்லு என வழங்குவது தொகுப்புச் சுற்று. கருநிறப் பிசினிலோ பீங்கானிலோ பொதிந்த நீள்சதுரக் கட்டியின் இரு மருங்கிலும் பூரானின் கால்கள்போல் உலோகக் கால்கள் நிரையாக நிற்கும். இவ்வமைப்பை 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெயார்சைல்ட் கம்பனியார் உருவாக்கினர். கால்களுக்கிடையிலான தூரம் அங்குலத்திற் பத்தில் ஒன்று, அதாவது 2.54 மில்லிமீற்றர். இக்கால்களைப் பலகையில் நேரே ஈயம்வைத்துப் பற்றவைத்தலும் உண்டு; பலகையில் முதலிற் குதையொன்றைப் பற்றவைத்து, அக்குதையிற் சில்லைச் செருகுதலும் உண்டு. கடைகளிற் சொக்கட் என்று கேட்டு வாங்கப்படுவது இதுவே. வில்லின் முனையில் நாண் பொருந்தும் வெட்டுவாய்க்கும் குதை என்பதே பெயர். பொருத்தமான சொல் தமிழிற் கிடந்தது நல்லூழே. குதையின் ஒவ்வொரு துளைக்குள்ளும் மெல்லிய உலோக வில்லொன்று சில்லின் காலைக் கவ்விப் பிடிக்கும். அப்பிடிக்குள்தான் பழுதின் இருப்பிடம்.

ஈயம் வைத்த இணைப்பு உறுதியானது என்றால், குதை எதற்கு? கழற்ற வேண்டிய தேவை இருப்பதனாலேயே குதை வைக்கப்படுகின்றது. இதனைத் தெளிவாகக் காட்டவல்ல கருவி, சற்று வியப்பூட்டுமாயினும், நாணயச் சூதுப்பொறியாகும். பேச்சு வழக்கில் ஜாக்பொட் மெசின் எனப்படும் இப்பொறி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ நகரில் சார்ல்ஸ் பே என்பவரின் பட்டறையிற் பிறந்தது. அன்று அது வெறும் சுருள்வில்லும் பற்சக்கரமும். பாலி கம்பனி 1960களில் மின்சாரத்தை முழுமையாகப் புகுத்தியது. இங்கே டெல்னாஸ் என்பார் 1984இற் பெற்ற காப்புரிமையின்பின் சக்கரங்கள் வெறும் காட்சிப் பொருளாயின. எந்தச் சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை உள்ளேயிருக்கும் பலகை எண்ணொன்றை எழுமாறாகத் தெரிந்து முன்னரே தீர்மானித்துவிடும். சக்கரம் அத்தீர்ப்பை அறிவிக்கும் பறையறைவோன் மாத்திரமே. தீர்ப்பின் விதிகளோ நினைவுச் சில்லுகளிற் பொதிந்துள்ளன. ஐ.ஜி.ரி. கம்பனியாரின் எஸ்-பிளஸ் என்னும் பொறியில் ஆட்டத்தின் நிரல் ஒரு சில்லிலும் சக்கரங்களின் அட்டவணை மற்றொரு சில்லிலும் இருக்கும். ஆட்டத்தை மாற்ற வேண்டின் சில்லை மாற்றுவர்; பொறி நேர்மையானதா என்று அரச அலுவலர் சோதிக்க வேண்டினும் சில்லைக் கழற்றியே படிப்பர். ஆகவே அவை குதைகளில் நிற்கின்றன. அச்சோதனையும் மனிதரை நம்பியதே. நெவாடா மாநிலத்துச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சபையின் அலுவலர் ஒருவரே, சோதிக்கும் கருவியைக்கொண்டு சில பொறிகளின் நிரலைக் கள்ளமாக மாற்றி, 1995இற் பிடிபட்டார். சகுனியின் காய்கள் வடிவம் மாறினவேயன்றி மறையவில்லை. சிலாபத்துக்கு வடக்கே உடப்பில் ஆண்டுதோறும் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் மக்களுக்குச் சூதினால் விளைந்தது யாதென்பதை எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இலங்கையில் அனுமதி பெற்ற சூதாட்ட விடுதிகள் கொழும்பிலுள்ளன. அவற்றுக்கென 2010ஆம் ஆண்டில் 17ஆம் இலக்கச் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும் சூதுப்பொறிப் பலகையிற் கற்கும் பாடம் பழைய கணினிக்கும், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும், எடைபார்க்கும் தராசுக்கும் ஒன்றே.

சில்லின் ஒரு கால் மட்டும் தொடுகையை இழந்தால் என்ன நேரும்? 28 கால்களில் ஒன்று போனால் இருபத்தெட்டில் ஒரு பங்கு பழுது என்று எண்ணத் தோன்றும். அவ்வாறன்று. 512 கிலோபிற்று நினைவுச் சில்லொன்றில் 65,536 அறைகள் உள. எந்த அறையைத் திறப்பது என்று பலகை கேட்பது 16 முகவரிக் கால்கள்வழியே. அவற்றுள் ஒன்று தொடாமல் நின்றால், அக்கால் எப்பொழுதும் ஒரே விடையைச் சொல்லும் நிலை பெரும்பாலும் ஏற்படும். அப்பொழுது 32,768 அறைகளுக்குப் பதிலாக வேறு 32,768 அறைகள் திறக்கப்படும். ஒரு கால் நழுவ, நூலின் பாதி தவறிப் படிக்கப்படுகின்றது. தரவைத் தரும் எட்டுக் கால்களுள் ஒன்று நழுவினாலோ, ஒவ்வோர் அறையிலுமுள்ள எண்ணில் ஓரிடம் ஐயத்துக்குரியதாகும்.

பொறி இதனை அறியாதிருப்பதில்லை. தொடங்கும்போது அட்டவணைச் சில்லிலுள்ள எண்களையெல்லாம் ஒருவகையாகக் கூட்டி, இருக்க வேண்டிய தொகையோடு ஒப்புநோக்கும். தொகை ஒவ்வாதாயின், பணம் ஏந்தும் பொறியாதலின், மேலே செல்லாது பிழையறிவித்து நின்றுவிடும். நிரற் சில்லின் காலே நழுவியிருந்தால் அந்த அறிவிப்பும் வராது; சோதிக்கும் கட்டளைகளே அச்சில்லினுள் இருப்பதால் பலகை ஊமையாகக் கிடக்கும். இரண்டிலும் சில்லு இறந்துபோயிற்று என்றே காண்போர் முடிவு செய்வர். உண்மையிற் சில்லின் உள்ளிருக்கும் நிரல் ஓரெழுத்தும் கெடாதிருத்தல் கூடும்.

இனி அத்தொடுகையின் இயல்பு நோக்கற்பாலது. இரு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று தழுவி நிற்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். நுணுக்கிப் பார்ப்பின் அவை மலைத்தொடர்கள் இரண்டைக் கவிழ்த்து வைத்தாற்போல ஒருசில சிகரங்களிலேயே தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அந்நுண்ணிய புள்ளிகளினூடாகவே நெருங்கிச் செல்கின்றது. இதனை விரிவாக ஆராய்ந்தவர் ராக்னார் ஹோல்ம் என்னும் அறிஞர். அப்புள்ளிகளின்மேல் அந்நியப் படலம் ஏதும் படர்ந்தால் வழி அடைபடும். வெள்ளீயம் பூசிய காலின்மேல் காற்றுப் பட்டதும் ஒட்சைட்டுப் படலம் உண்டாகும். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றிற் சில கூறுகளே. வீட்டுச் சுவரிலுள்ள ஆளியில் 230 வோல்ற்று அப்படலத்தைக் கிழித்துக்கொண்டு பாயும். ஆதலால் அங்கே எவரும் இதனைப் பொருட்படுத்துவதில்லை. சில்லுக்குள் ஓடுவதோ 5 வோல்ற்றுக்கு மேற்படாத மெல்லிய குறி. அதற்கு அப்படலமே மதில்.

குதையின் வில் போதிய அழுத்தத்துடன் பிடித்திருந்தால் படலம் நசுங்கி உடைந்து உலோகம் உலோகத்தைத் தொடும். அப்படியே அசையாமல் இருந்துவிட்டாற் பல்லாண்டு நிலைக்கும். அசையாமல் இருக்க விடுவதில்லை வெப்பம். பழைய நினைவுச் சில்லுகள் பீங்கானால் ஆனவை. பலகையோ கண்ணாடி நாரும் பிசினும் கலந்தது. ஒரு பாகை வெப்பத்துக்குப் பீங்கான் பத்து இலட்சத்தில் ஏழு பங்கு விரிந்தால், பலகை ஏறத்தாழப் பதினைந்து பங்கு விரியும். 36 மில்லிமீற்றர் நீளமுள்ள சில்லு 30 பாகை சூடேறும்போது இவ்விரண்டுக்குமிடையே உண்டாகும் வேற்றுமை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒரு தலைமயிரின் தடிப்பில் எட்டில் ஒன்று எனலாம். மிகச் சிறிதுதான். ஆயினும் நாள்தோறும் ஏற்றியணைக்கும் பொறியில் இவ்வுராய்வு ஆயிரக்கணக்கான முறை நிகழ்ந்து, ஒவ்வொரு முறையும் புதிய உலோகத்தைச் சுரண்டி, சுரண்டியதை ஒட்சைட்டுத் தூளாக்கி அவ்விடத்திலேயே குவிக்கும். கால்களும் மெல்ல மெல்ல மேலெழுந்து குதையைவிட்டு நகரும்.

இந்நகர்வினாற் புகழிழந்த கருவியும் உண்டு. அப்பிள் கம்பனி 1980இல் வெளியிட்ட அப்பிள் III என்னும் கணினியில் காற்றாடி வைக்கப்படவில்லை. உள்ளே வெப்பம் மிகுந்தது. சில்லுகள் குதைகளிலிருந்து எழுந்தன. கணினியைச் சில அங்குலம் உயர்த்தி மேசைமேல் விட்டுவிடுமாறு உரிமையாளர்க்கு ஆலோசனை கூறப்பட்டது. விழும் அதிர்ச்சியிற் சில்லுகள் மீண்டும் குதையில் அமரும் என்பதே அதன் நியாயம். அது பலித்ததும் உண்டு. ஆனால் அக்கணினியின் பெயர் எழவில்லை. 1984இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

மேற்கூறியவை எவ்வூருக்கும் பொது. கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள கரைக்குச் சிறப்பாக உரியது வேறு. இது வறண்ட பகுதி. மே முதல் செப்தெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இங்கே மழையை அதிகம் கொணர்வதில்லை. காற்றை மட்டும் வஞ்சனையின்றித் தருகின்றது. மாம்புரிக் கரையிற் காற்றாலைகளைச் சுழற்றுவதும் கற்பிட்டியிற் பட்டத்தின் துணையோடு அலைமேற் சறுக்குவோரை ஈர்ப்பதும் அக்காற்றே. மழை குறைந்த இடத்திற் கருவிகள் துருவேறா என்று கருதுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் உலர்ந்து உப்புத் தூளாகி அக்காற்றோடு நிலத்துள் வருகின்றன. அடிக்கடி பெய்து கழுவும் மழை இல்லாமையால் அத்தூள் படிந்த இடத்திலேயே சேர்கின்றது. மேலும் அஃது உப்பளத்தில் தூய்மை செய்த உப்பன்று. வடித்து நீக்க வேண்டிய கசப்பு நீரின் சாரமும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

இங்கேதான் உப்பளத்தாரின் அறிவு துணைபுரிகின்றது. தூய சோடியம் குளோரைட்டு காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தை எட்டினாலன்றிக் கரைந்து நீராவதில்லை. மகனீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். இக்கரையில் இரவு நேரத்தில் முதலாவது எல்லை கடக்கப்படுதல் வழமை. பகலும் இரவும் இரண்டாவது எல்லைக்குக் கீழே காற்று இறங்குவது அரிது. இயங்கும் கருவியின் சூடு ஓரளவு காவலளிக்கும். 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதனுள்ள காற்று பெட்டிக்குள் 40 பாகைக்குச் சூடேறினால் அதன் ஈரப்பதன் ஏறத்தாழ 46 சதவீதமாகக் குறையும். சோறுண்ணும் உப்பு அந்நிலையில் உலர்ந்தே கிடக்கும். மகனீசியத்தின் உப்போ அப்பொழுதும் ஈரமாகவே இருக்கும். கருவியை அணைத்துவிட்டாலோ இரண்டும் நனையும். சிக்கனம் கருதி மாதக்கணக்கில் அணைத்து மூடிவைத்த கருவி, நாளும் இயங்கிய கருவிக்கு முன்னரே பழுதாவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

நனைந்த உப்பு மின்னைக் கடத்தும் நீர்மம். அடுத்தடுத்த இரு கால்களுக்கிடையே அது பாலமாகி மின்னைக் கசியவிடும். குளோரைட்டு அயன்கள் செம்பின்மேலுள்ள காவற் படலத்தைத் துளைத்துப் பச்சைநிறக் களிம்பை எழுப்பும். சில்லின் காலிற் பொன்னும் குதையில் வெள்ளீயமும் பூசப்பட்டிருந்தால் ஈரத்தில் அவையிரண்டும் சேர்ந்து சிறு மின்கலமாகி வெள்ளீயம் அரிக்கப்படும். விலையுயர்ந்த பொன் இங்கே நன்மைக்கு மாறாகத் தீமையே செய்கின்றது. புத்தளக் களப்பின் சேற்றையும் கண்டற்காட்டின் அடிமண்ணையும் கிளறும்போது எழும் அழுகிய முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைட்டினுடையது. வெள்ளிப் பாத்திரத்தைக் கறுக்கச் செய்யும் அவ்வாயு, 1970களிலும் 1980களிலும் வந்த சில சில்லுகளின் வெள்ளிப்பூச்சுக் கால்களையும் கறுக்கச் செய்யவல்லது. நெடுநாள் கறுத்த கால்கள் கழற்றும்போதே ஒடிந்து விழுதலும் உண்டு.

ஆகவே கழற்றி மாட்டும்போது நிகழ்வது யாதெனில், கால் வில்லின் மேல் உராய்ந்து இறங்குகின்றது. உராயும்போது ஒட்சைட்டும் உப்புத் தூளும் வழித்தெறியப்பட்டுப் புதிய உலோகம் வெளிப்படுகின்றது. எழுந்திருந்த காலும் அடிவரை அமர்கின்றது. களைப்பு நீங்கிய சில்லு அன்று, துடைக்கப்பட்ட தொடுகை. இதனை அறிந்தவர்க்கு இம்மருத்துவத்தின் எல்லையும் விளங்கும். குதையின் வில் தளர்ந்துவிட்டிருந்தால், அல்லது உப்பைக் கழுவாமற் சில்லை மட்டும் அசைத்திருந்தால், பழுது சில கிழமைகளில் திரும்பி வரும்.

செய்முறையிற் கவனிக்க வேண்டியவை சிலவே. ஆனால் அவற்றைப் புறக்கணிப்பவர் நல்ல சில்லைக் கொன்றுவிடுவர். மின்னைத் துண்டித்து, மின்தேக்கிகள் அடங்கச் சற்றுப் பொறுத்தல் வேண்டும். உடலிற் சேரும் நிலைமின்னை நிலத்தொடர்புள்ள உலோகத்தைத் தொட்டு இறக்கிக்கொள்ள வேண்டும். 3,000 வோல்ற்றுக்குக் குறைந்த நிலைமின் பாய்ச்சலை மனிதர் உணர்வதேயில்லை. உணராத அவ்வளவே சில்லைக் கெடுக்கப் போதும். பற்றரியின் துணையால் கணக்குகளைக் காத்துவைத்திருக்கும் நினைவுச் சில்லைக் கழற்றினால் அக்கணக்குகள் அழியும் என்பதையும் முன்னரே கருத வேண்டும். பிறகு சில்லின் தலைப்பிலுள்ள வெட்டுக்குறி எத்திசையை நோக்குகின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுதல். இது சிறு செய்தியன்று. 28 கால் நினைவுச் சில்லில் 28ஆம் கால் மின்னூட்டத்தையும் 14ஆம் கால் நிலத்தொடர்பையும் ஏற்பன. தலைமாறிப் பொருத்தினால் இவ்விரண்டும் சரியாக இடம் மாறிவிடும். மின்னூட்டியதும் சில்லு வெந்துபோகும்.

மெல்லிய தட்டை நெம்பியால் ஒரு முனையைச் சிறிது, மறுமுனையைச் சிறிது என மாறிமாறி எழுப்ப வேண்டும். ஒரே முனையில் நெம்பினால் மறுமுனைக் கால்கள் வளையும். கால்களை மணற்றாளால் தேய்த்தல் பெருந்தவறு. பூச்சு போய்ச் செம்போ இரும்போ வெளிப்பட்டால் அடுத்த பருவக்காற்றுக்குள் அது துருவாகும். பென்சில் அழிக்கும் இறப்பரால் மென்மையாகத் துடைத்து, ஐசோபுறோப்பைல் அற்ககோலாற் கழுவுதலே அமையும். உப்பு வெண்மையாகப் படிந்த பலகையை முதலிற் காய்ச்சி வடித்த நீரால் அலசலாம். கரையோரக் கிணற்று நீர் ஆகாது, அதுவும் உப்பே. மீளப் பொருத்தும்போது எல்லாக் கால்களும் துளைகளின்மேல் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து, பலகையின் அடியில் விரலால் தாங்கிக்கொண்டு அழுத்த வேண்டும். சில்லின் வயிற்றுக்கடியில் ஒரு கால் மடிந்து மறைந்து கிடப்பது அனுபவசாலிகளையும் ஏமாற்றும். நினைவுச் சில்லின் முதுகிலுள்ள கண்ணாடிச் சாளரத்தின்மேல் ஒட்டிய தாளை உரித்தலும் கூடாது. நேர்வெயில் ஏறத்தாழ ஒரு கிழமையில் அச்சாளரத்தினூடே புகுந்து நிரல் முழுவதையும் அழித்துவிடும். அப்பொழுது சில்லு மெய்யாகவே வெறுமையாகும்.

இற்றைக் கருவிகளிற் சில்லுகள் பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகின்றன, குதைகள் அருகிவிட்டன. ஆயினும் தொடுகையை நம்பும் இடங்கள் அருகவில்லை. கற்பிட்டியிலிருந்தோ சிலாபத்திலிருந்தோ கடலுக்குச் செல்லும் வள்ளத்தின் வானொலியிலும், ஆழமறியும் கருவியிலும், இறால் வளர்க்கும் குளத்தில் காற்றூட்டியை இயக்கும் பெட்டியிலும், கம்பிகள் வந்து சேரும் இணைப்பிகள் யாவும் அதே வெள்ளீயமும் அதே வில்லும்தான். கரைக்குச் செய்தி சொல்ல வேண்டிய நேரத்தில் வானொலி ஊமையாவதற்கு உள்ளிருக்கும் நுட்பமான சில்லைவிட, வெளியே நிற்கும் ஒரு பித்தளை முனையே காரணமாதல் கூடும். கரையில் நிற்கும்போதே அதனைக் கழற்றித் துடைத்து மாட்டுதற்குப் பிடிப்பது சில நிமிடம். இறால் குளத்தில் காற்றூட்டி இரவில் நின்றாலோ, விடிவதற்குள் நீரின் ஒட்சிசன் குறைந்து ஒரு போகமே போய்விடலாம்.

இத்தொழிலிற் கைதேர்ந்தோரிடம் எளிய வழக்கம் ஒன்றுண்டு. சில்லைக் கழற்றி மாட்டிய திகதியைப் பலகையின் ஓரத்திற் சிறு தாளில் எழுதி ஒட்டிவைப்பர். அப்பலகை மீண்டும் வரும்போது முதலில் அத்திகதியைப் பார்ப்பர். ஆண்டுகள் கழிந்திருந்தால் மறுபடியும் துடைத்து மாட்டுவர். ஓரிரு மாதமே ஆகியிருந்தால் சில்லைத் தொடார். பழைய குதையை ஈயம் உருக்கி எடுத்துவிட்டு, கடைந்தெடுத்த உருளைத் துளைகளுள்ள புதிய குதையொன்றை அவ்விடத்திற் பற்றவைப்பர்.